கதவு என்கூட வருது

ஜனவரி 8, 2019. செவ்வாய்

இன்று கடையில் பதினொரு பேருக்குப் பெயின்ட் கலந்து கொடுத்தேன். பதினொன்றும் சாம்பல் நிறம். நாஷ்வில்லுக்குப் புதிதாகக் குடிவருகிற எல்லோருக்கும் சாம்பல் சுவர்தான் வேண்டும். புறா, புகை, ஆற்றுக்கல் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். வாளியைத் திறந்தால் எல்லாம் ஒன்றுதான்.

மதியம் ட்ராய் போன் செய்தான். ஒன்பது வருடமாக என்னோடு சேர்ந்து பாட்டு எழுதுகிறவன்.

"வில்லா, உட்கார்ந்துக்கோ. கெய்லின் மார்ஷ் ஆளுங்க நம்ம கதவுப் பாட்டை ஒதுக்கி வெச்சிருக்காங்க!"

கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டேன். ஒதுக்கி வைப்பது என்றால், அவள் பாடுவாளா மாட்டாளா என்று முடிவாகும்வரை அந்தப் பாட்டை நாங்கள் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. என் பாட்டுகளில் இரண்டு இதற்கு முன்னால் இப்படி ஒதுக்கி வைக்கப்பட்டு அங்கேயே செத்துப்போயின. இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருடம். எனக்கு வயது நாற்பத்தெட்டு. நாலு பேருக்குத் தெரிந்த எந்தப் பாடகியும் இன்றுவரை என் பாட்டைப் பதிவு செய்ததில்லை. கெய்லின் மார்ஷை நாலு பேருக்கு அல்ல, நாட்டுக்கே தெரியும்.

மீதி நாளெல்லாம் யார் எந்தச் சாம்பல் கேட்டார்கள் என்று நினைவில்லை.

ஜனவரி 9

'நம்ம' கதவுப் பாட்டு என்றான். நேற்று சந்தோஷத்தில் காதில் விழவில்லை. இன்று விழுகிறது.

அதை நான் எழுதியது எட்டு வருடம் முன்பு, ட்ராய் வீட்டுச் சமையலறையில், ஒன்றேமுக்கால் மணி நேரத்தில். அவன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். ஒருமுறை என் கிட்டாருக்குச் சுருதி சேர்த்தான். ஒருமுறை 'வண்டி' என்று நான் எழுதியிருந்த இடத்தில் 'டிரக்'குன்னு போடேன் என்றான். முட்டையைக் கருக்கினான். அவ்வளவுதான்.

ஆனால் இந்த ஊரின் வழக்கம் ஒன்று உண்டு. பாட்டு பிறக்கும்போது அறையில் யார் இருந்தாலும் அவருக்குச் சம பங்கு. யார் எத்தனை வரி எழுதினார்கள் என்று எண்ணுவது அசிங்கம். எண்ணுகிறவளோடு அடுத்த முறை யாரும் எழுத உட்கார மாட்டார்கள். அதனால் நானே என் கையால் தாளில் இரண்டு பெயரும் எழுதினேன். வில்லா டீன் ஹாட்ச்சர், ட்ராய் பெந்தல். அன்று பெருமையாகக்கூட இருந்தது, பெரிய மனசுக்காரி என்று.

ஜனவரி 13. ஞாயிறு

நேற்று சாயங்காலம் ஓர்லீன் அறைக்குப் போனேன். பாட அல்ல, கேட்க. ட்ராய் பாடுகிறான், நல்ல செய்தி வந்த வாரம், போகாவிட்டால் நன்றாக இருக்காது.

சலவைக் கடைக்கும் முடி வெட்டும் கடைக்கும் நடுவே எண்பது நாற்காலி போட்ட அறை. நடுவில் நாலு நாற்காலி, ஒன்றையொன்று பார்த்தபடி. அந்த நாலில் உட்காருகிறவர்கள் வலமாக ஒருவர் மாற்றி ஒருவர் தாங்கள் எழுதின பாட்டைத் தாங்களே பாட வேண்டும். சுற்றிலும் ஜனங்கள், முழங்கால் இடிக்கும் தூரத்தில். யாரும் மூச்சுவிடக் கூடாது. போன வருடம் போன் பேசின ஒரு வங்கிக்காரரை அறையின் சொந்தக்காரி மிஸ் ஓர்லீன் கோட்டைப் பிடித்து வெளியே தள்ளினாள். அவருக்குப் பிறந்தநாளாம்.

பாடுவதற்கு முன்னால் அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று இரண்டு வார்த்தை சொல்வார்கள். ட்ராய் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சொன்னான்:

"ஒரு நாள் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றேன். கதவைக் காணோம். பொண்டாட்டியையும் காணோம். எதை முதல்ல தேடுறதுன்னு எனக்குத் தெரியல."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல வரி, சிரிப்பு தானாக வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. இது என் கதை. நான் கழற்றின கதவு. இவனுக்கு எப்போது கல்யாணம் ஆனது?

வெளியே கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன். "உனக்குக் கல்யாணமே ஆகலையே ட்ராய்!"

"அட, கதைதானே வில்லா. ஆம்பளை தன்னைத்தானே கேலி பண்ணிக்கிட்டா ஜனங்களுக்குப் பிடிக்குது. அதையே நீ சொன்னா, சரியான கோவக்காரின்னு நினைப்பாங்க."

"நான் கோவக்காரிதான்டா."

"பாரு, இதைத்தான் சொல்றேன்" என்றான் சிரித்துக்கொண்டே. எத்தனை மாதமாக இப்படிச் சொல்கிறான் என்று கேட்டேன். இரண்டு வருடமாம்.

ஜனவரி 23

கெய்லினின் பாட்டுக் கம்பெனியில் ப்ரெஸ்டன் என்று ஒரு இளைஞன். முப்பது இருக்காது. காலுறை போடாமல் ஷூ போட்டிருக்கிறான், இந்தக் குளிரில். மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"மேடம், கெய்லினுக்குப் பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு சின்ன விஷயம். கடைசிச் சரணம். அவ திரும்பி வந்துட்டா நல்லா இருக்கும்னு நினைக்கிறோம்."

"எங்கே திரும்பி?"

"வீட்டுக்குத்தாங்க. பனி கொட்டுது, அவ கதவைத் தோள்ல சுமந்துகிட்டு வர்றா, பழைய இடத்துலயே மாட்டுறா. கேக்கிறவங்களுக்குக் கண்ணீர் வந்துடும் மேடம்."

ட்ராய் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருந்தான். வரியை மாற்றினால் கெய்லின் பாடுவாள். மாற்றாவிட்டால் இல்லை. மாற்ற எங்கள் இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். பிப்ரவரி 22-க்குள் சொல்ல வேண்டும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்படிச் சொன்னதற்கே என் மேல் எனக்கு ஆத்திரம்.

ஜனவரி 24

ஓக் மரக் கதவு. தொண்ணூறு பவுண்டு. தோளில் சுமந்து வந்தாளாம். அந்தப் பையன் ஒரு முனையைத் தூக்கிக் காட்டட்டும் முதலில்.

ஜனவரி 27. ஞாயிறு

இதை ஒரு தடவையாவது நடந்தபடி எழுதி வைக்கிறேன். இனி யார் யார் என்னென்ன சொல்லப்போகிறார்களோ.

2005 ஜனவரி. ஹோஹென்வால்டு ஊருக்கு வெளியே எங்கள் வீடு. புருஷன் லானியோடு பதினோரு வருடம். அவன் அடித்ததில்லை, குடித்ததில்லை. நான் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டுவான். நான் பாட்டு எழுதிப் பாடிப் பார்த்தால், "மறுபடியும் பூனையை மிதிச்சுட்டியா?" என்பான். பதினோரு வருடம் அதே நகைச்சுவை. அந்தச் சனிக்கிழமை, நான் நாஷ்வில் போகிறேன், வந்தால் வா, வராவிட்டால் நான் மட்டும் போகிறேன் என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ. குளிர் வருது."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு மீன்பிடி ஏரியைப் பார்க்கப் போய்விட்டான்.

முன்வாசல் கதவு என் அப்பா எங்கள் கல்யாணத்துக்குச் செய்து கொடுத்தது. கீல் ஒவ்வொன்றிலும் உள்ள ஆணியைச் சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வைத்துக் கீழிருந்து தட்டினால் மேலே வந்துவிடும். மூன்று கீல், மூன்று ஆணி, ஐந்து நிமிடம். டிரக் வரைக்கும் இழுத்துப் போவதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆனது. கை இரண்டும் ரத்தம். சிரித்துக்கொண்டே இழுத்தேன். பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

போகும்போது கதவைச் சாத்திட்டுப் போன்னு சொன்னே,
சாத்துறதுக்கு வழியில்லை, மன்னிச்சுக்கோ,
கதவு என்கூட வருது.

இதுதான் பாட்டு. நான் திரும்பிப் போகவில்லை. ஒருநாளும் போகத் தோன்றவும் இல்லை. அந்தக் கதவு இங்கே எந்த நிலைச்சட்டத்துக்கும் பொருந்தாமல், தச்சர்கள் வைக்கிற இரண்டு மரத்தாங்கிகள் மேல் மேஜை போலக் கிடக்கிறது. அதன் மேல் நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். திரும்பிப் போனாளாம்! யாருடைய பேச்சைக் கேட்டு?

பிப்ரவரி 4

ட்ராய் சம்மதம் சொல்லிவிட்டான். என்னைக் கேட்காமல்.

"நாலே வரி வில்லா! நாலே வரிக்காகப் பதினாலு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில போடுவியா?"

"அந்த நாலு வரியிலதான் நான் இருக்கேன்."

"நீ பெயின்ட் கடையில இருக்க."

சொன்ன உடனே, தப்பா எடுத்துக்காதே என்றான். எப்படி எடுத்துக்கொள்வதாம்? போனை வைத்துவிட்டேன். பிறகு அரை சட்டி பின்டோ பீன்ஸையும் சோளரொட்டியையும் நின்றபடியே தின்று தீர்த்தேன்.

பிப்ரவரி 9

ஒரே நாளில் இரண்டு செய்தி, இரண்டும் உருப்படியில்லை.

மிஸ் ஓர்லீன் போன் செய்தாள். வருகிற சனிக்கிழமை ஆறு மணிச் சுற்றில் எனக்கும் ட்ராய்க்கும் நாற்காலி. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாடி நாளாச்சு கண்ணு." ட்ராய் எனக்கு முந்தின நாற்காலி. ஒரு பாட்டை ஒரு சுற்றில் ஒரு தடவைதான் பாடலாம். இரண்டு பேர் எழுதிய பாட்டை யார் முதலில் எடுக்கிறார்களோ அன்றைக்கு அது அவர்களுடையது. மற்றவர் பல்லவியில் கூடப் பாட வேண்டும். அதுதான் மரியாதை. ஆக, அவன் என் கதையைச் சொல்லுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து கூடப் பாட வேண்டும்.

இரண்டாவது, லானியின் தங்கை டார்லாவிடமிருந்து. "அண்ணன் நீ எப்ப பாடுறேன்னு கேட்டுச்சு. ஓர்லீன் அறைப் பட்டியலைப் பார்த்து, சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன். ட்ராய் பாடுற வீடியோவை யாரோ அதுக்குக் காட்டிட்டாங்க. மூஞ்சி சிவந்து போச்சு."

பதினான்கு வருடம் கழித்து இப்போதுதான் கதவைத் தேடி வருகிறானா? வரட்டும். நானும் இருக்கிறேன்.

பிப்ரவரி 15

யாரும் பார்க்காதபோது புதுச் சரணத்தைப் பாடிப் பார்த்தேன். பனி, தோள், மாட்டுவது எல்லாம். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் கொடுமை.

பிப்ரவரி 17. ஞாயிறு காலை

எழுதிவிட வேண்டும், எதுவும் மறப்பதற்குள்.

நேற்று அறை நிறைந்திருந்தது. லானி நாலாவது வரிசை, ஓரத்தில். தலை நரைத்துவிட்டது, தேவாலயத்துக்குப் போடுகிற நல்ல சட்டை போட்டிருந்தான். ட்ராய்க்கு அவனை அடையாளம் தெரியாது. எங்களோடு டெக்சஸ்காரர் ஒருவரும், ஆட்ரா என்று ஓக்லஹோமாவிலிருந்து வந்த சின்னப் பெண்ணும்.

மூன்றாவது சுற்றில் ட்ராய் தொப்பியைத் தள்ளினான். எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு நாள் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றேன். பின்வாசல் கதவைக் காணோம். பொண்டாட்டியையும் காணோம். எதை முதல்ல தேடுறதுன்னு..."

"முன்வாசல்."

மெதுவாகத்தான் சொன்னான் லானி. ஆனால் அந்த அறையில் ஊசி விழுந்தாலே கேட்கும். மிஸ் ஓர்லீன் கல்லாவிலிருந்து எழுந்தாள்.

"பேசக் கூடாதுன்னு போர்டு இருக்கு. படிச்சேன்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, லானி எழுந்து நின்று ட்ராயைப் பார்த்தான். "அது முன்வாசல் கதவு. என் வீட்டு முன்வாசல். அவ என் பொண்டாட்டி. விட்டுட்டுப் போனது என்னை. மூணு வாரம் கம்பளியை ஆணியடிச்சுத் தொங்கவிட்டிருந்தேன், ஜனவரியில. நாய் இஷ்டத்துக்கு வரும், போகும். தபால்காரன் கடிதாசியை நேரா சாப்பாட்டு மேஜையில வெச்சுட்டுப் போவான். ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சுது. நீ எங்கேய்யா இருந்தே அப்ப?"

ட்ராய் தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அந்த முட்டாள் நான்தான்" என்றான் லானி. "நீ எப்படி அந்த முட்டாளா ஆகலாம்?"

அறை வெடித்துச் சிரித்தது. மிஸ் ஓர்லீன் லானியின் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனாள். அவன் எதிர்க்கவில்லை. ட்ராய் பாவம், என்ன செய்வான், பாடத் தொடங்கினான். பல்லவி வந்தது. என்னைப் பார்த்தான். நான் கிட்டார் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இரண்டாவது பல்லவியிலும் வாயைத் திறக்கவில்லை. கடைசிச் சரணத்தில் கதவைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினான். கைதட்டினார்கள்.

என் முறை.

என்ன நினைத்தேன் என்று நேர்மையாக எழுதுகிறேன். நன்றி உணர்ச்சி எல்லாம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒருத்தன் என் கதையை எடுத்துக்கொண்டான், இன்னொருத்தன் அது தன் கதை என்று சண்டைக்கு வந்தான். கதவை இழுத்த கை யாருடையது? யாராவது கேட்டார்களா?

"ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?" என்றேன். சிரிப்பு. "என் பேரு வில்லா டீன் ஹாட்ச்சர். கதவைக் கழற்றினவ நான். இன்னும் என்கிட்டதான் இருக்கு. நான் திரும்பிப் போகல."

அதே பாட்டைத் தொடங்கினேன். டெக்சஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு சுற்றில் ஒரே பாட்டை இரண்டாம் தடவை பாடி அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை. மிஸ் ஓர்லீன் வாசலிலேயே நின்றுவிட்டாள். ட்ராய் பாடுவதைவிட மெதுவாக, நான் எழுதின வேகத்தில் பாடினேன். இரண்டாவது பல்லவியில், நான் கேட்காமலே, ஆட்ரா மேல்குரலில் சேர்ந்துகொண்டாள். டிரக் கிளம்புகிற வரியில் முடித்தேன். என் வரியில்.

கைதட்டினார்கள். ஒரு பெண் எழுந்து நின்று தட்டினாள். ட்ராய் மீதிப் பாட்டுகளைப் பாடினான், என் பக்கம் திரும்பவில்லை.

மிஸ் ஓர்லீன் என்னை விடவில்லை. "ஒரு பாட்டு, ஒரு தடவை. இது என் அறை கண்ணு. மார்ச் மாசம் முழுக்க உனக்கு நாற்காலி கிடையாது."

"சரி, மிஸ் ஓர்லீன்."

"நல்லாப் பாடினே. ஆனாலும் கிடையாது."

வெளியே லானி தன் டிரக்கில் சாய்ந்து நின்றான். கதவைக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். "உள்ளே கடைசிச் சரணம் கேக்கல. என்னன்னு முடிச்சே?" என்று கேட்டான். போய்ட்டேன்னு முடிச்சேன் என்றேன். "சரிதான். அதான் நடந்துச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பிப்ரவரி 20

ப்ரெஸ்டனுக்கு நானே போன் செய்தேன், 22 வரைக்கும் எதற்கு இழுப்பது என்று. முடியாது என்றேன்.

"மேடம், இப்படி ஒரு வாய்ப்பு உங்களுக்கு மறுபடி வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல வேண்டாம் தம்பி. அவ போறா. போனவ போனவதான். அப்படியே பாடினா பாடட்டும், இல்லைன்னா விட்டுடுங்க."

விட்டுவிட்டார்கள். போனை வைத்தபின் கிடங்குக்குள் போய் ஒரு மூச்சு அழுதேன். வருத்தமே இல்லை என்று இங்கே எழுதினால் அது பொய். வெளியே வந்தபோது ஒரு கிழவர் சிவப்புப் பெயின்ட் கேட்டார். தகதகவென்று சிவப்பு. அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

மார்ச் 11

ட்ராய் பேசுவதில்லை. ஒன்பது வருடம் வாரம் இருமுறை எழுதின ஆள். நாங்கள் எழுதுகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலைத் துடைத்தேன். திருடன் இல்லை அவன். தன்னிடம் கதை இல்லாததால் என்னுடையதைப் போட்டுக்கொண்டான், பழகிப்போய்விட்டது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் முதலில் போன் செய்யப் போவதில்லை.

தாளில் அவன் பெயர் அப்படியேதான் இருக்கும். நான் எழுதினது, நான் அடிக்க மாட்டேன். ஆனால் இனி?

மார்ச் 30

ஆட்ரா கடைக்கு வந்தாள். சேர்ந்து எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். வரியை எண்ணித்தான் பங்கு என்றும் சொன்னேன். "அப்பாடா" என்றாள்.

ஏப்ரல் 14. ஞாயிறு

நேற்று ஓர்லீன் அறையில் மறுபடி நாற்காலி. ப்ரெஸ்டன் வெள்ளிக்கிழமை போன் செய்து, வேறென்ன பாட்டு வைத்திருக்கிறேன் என்று கேட்டிருந்தான். சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்து எல்லோரையும் போல வாயை மூடிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தான். காலுறை போட்டிருந்தான். கெய்லின் மார்ஷின் புதுத் தொகுப்பின் பாட்டுப் பட்டியல் வெளிவந்தாயிற்று, நான் அதில் இல்லை.

இன்று காலையிலிருந்து புதுப் பாட்டு ஒன்று. எட்டு மணிக்குத் தொடங்கியது, சரசரவென்று வந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு யாரோ தட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ட்ராய். கையில் இரண்டு காபி.

"வில்லா, நான்தான். மன்னிப்புக் கேக்க வந்தேன். எழுதுறியா என்ன?"

"எழுதுறேன்."

"உள்ளே வரட்டுமா?"

"முடிக்கிற வரைக்கும் வெளியே உட்காரு."

"மழை பெய்யுது வில்லா."

"தெரியுது."

அவன் சிரிப்பது கேட்டது. கூரை ஓரத்தில் ஒண்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தான். நாற்பது நிமிடம் ஆனது. அவசரப்படவில்லை. ஒரு வரியை மூன்று தடவை மாற்றினேன், மறுபடி பழையதையே வைத்துக்கொண்டேன். அடியில் என் பெயரை மட்டும் எழுதினேன், அதன் கீழே தேதி. நோட்டை மூடிவிட்டுப் போய் வாசல் கதவைத் திறந்தேன்.

"இப்ப வா" என்றேன். காபி ஆறிப் போயிருந்தது.